மணிக்கட்டில் கட்டிய ஆசான்

56 வயதில் ஒருவர் மாரத்தான் ஓடப் பயிற்சி தொடங்கியிருப்பதாகச் சொன்னால், கேட்பவர் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறார். பிறகு வயிற்றைப் பார்க்கிறார். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம்மைச் சந்தித்த நண்பர்கள் அனைவரும் அப்படித்தான் பார்த்தார்கள். சிலர் வாழ்த்தினார்கள். பங்கின் பாடற்குழுவில் நம்மோடு இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும், “ஏதேனும் நேர்த்திக்கடனா?” என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மோடு நடந்து வந்தது.

நம் தமையனார் 2022-இல் மறைந்தார். அப்போது அவருக்கு 59 வயது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மார்பை ஒரு கையால் அழுத்திக்கொள்வார். ஏன் என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பார். இப்படி ஏழெட்டு மாதங்கள். ஒரு வைகறையில் குளியலறை வாயிலில் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்குமுன் எல்லாம் முடிந்திருந்தது. பின்னர் அவருடைய அலமாரியை ஒழுங்குசெய்தபோது, மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைச் சீட்டு ஒன்று, மடிப்புக் கலையாமல், வங்கிக் கணக்குப் புத்தகத்துள் கிடந்தது. அந்தச் சீட்டை நாம் இன்னும் கிழித்தெறியவில்லை.

நடை முதலில் வந்தது, ஓட்டம் பிறகு. மந்தைவெளியிலுள்ள நம் வீட்டிலிருந்து சாந்தோம் நெடுஞ்சாலை வழியாகக் கலங்கரை விளக்கம்வரை சென்று திரும்புவது என்று தொடங்கினோம். இரண்டு ஆண்டுகளுக்குள் மெரினாவின் முழு நீளத்தையும் மெல்ல ஓடிக் கடக்கும் நிலைக்கு வந்தோம். 10 கிலோமீட்டர்ப் பந்தயம் இரண்டும், 21 கிலோமீட்டர்ப் பந்தயம் ஒன்றும் முடித்தபின், 42.195 என்னும் எண் மனத்துள் புகுந்து அமர்ந்துகொண்டது. விசித்திரமான எண் அது. 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தினரின் மாடத்தெதிரே முடியுமாறு அமைத்த பாதையின் நீளம். உலகம் 1921-இல் அதையே நிலையான அளவாக்கிக்கொண்டது. ஓடுவோர் பலர் கடைசிச் சில நூறு மீட்டரில் அந்தக் கோட்டையையும் மாடத்தையும் நினைத்து நொந்துகொள்வதுண்டு.

நம் இல்லத்தரசியார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். ஒன்று, இதய மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை. மற்றொன்று, இதயத்துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம். “இருட்டில் தனியாக ஓடுகிறீர்கள். உங்களோடு ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் அதுவாவது இருக்கட்டும்” என்றார். முதல் நிபந்தனை ஒரே காலையில் நிறைவேறியது. இரண்டாவதை நம் மகன் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தந்து நிறைவேற்றிவிட்டான்.

இதயத்துடிப்பைக் கம்பியின்றி அளந்து மணிக்கட்டில் காட்டும் கருவி, 1982-இல் பின்லாந்து நாட்டின் போலார் என்னும் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காகப் பிறந்த கருவி அது. (நம்முடையது அந்த நிறுவனத்தின் கடிகாரம் அன்று.) மார்பில் கட்டிய பட்டை துடிப்பை அறியும், கடிகாரம் எண்ணைக் காட்டும், அவ்வளவே. எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும். இன்றைய கடிகாரமோ பயிற்சியாளரின் நாற்காலியிலும் தானே அமர்ந்துவிட்டது. பந்தய நாளையும் தூரத்தையும் ஒருமுறை தெரிவித்தால் போதும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அடித்தளம், கட்டுமானம், உச்சம், தணிவு என்று வாரங்களைப் பகுத்துக்கொள்கிறது. ஆனால் அச்சிட்ட அட்டவணையில் உள்ளதுபோல எதுவும் அதில் இறுதியானதன்று. நேற்று எவ்வளவு ஓடினோம், இரவு எவ்வளவு நேரம் உறங்கினோம், உறக்கத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எந்த அளவு கூடிக் குறைந்தது என்பவற்றையெல்லாம் பார்த்து, இன்று என்ன செய்யலாம் என்று காலைதோறும் புதிதாகச் சொல்கிறது. அந்த இடைவெளியின் ஏற்றத்தாழ்வு நம் வழக்கத்தைவிடச் சுருங்கிவிட்டால், உடல் களைத்திருக்கிறது என்று கொண்டு பயிற்சியைக் குறைக்கிறது. சில நாட்களில் நீக்கியே விடுகிறது.

கருவி புதிதேனும் கணக்கின் வேர் பழையது. கனடாவில் எரிக் பானிஸ்டர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1970-களில் அதை முன்வைத்தார்கள். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டை விட்டுச் செல்கிறது. வலிமை ஒன்று, களைப்பு ஒன்று. களைப்பு பெரிதாக எழுந்து விரைவில் தணியும். வலிமை சிறிதாக எழுந்து நெடுநாள் நிற்கும். வலிமையிலிருந்து களைப்பைக் கழித்தால் கிடைப்பது இன்றைய நிலை. வெறும் கழித்தல் கணக்குத்தான். ஆயினும் ஓய்வு என்பது சோம்பல் அன்று, கழிய வேண்டியது கழிவதற்கான நேரம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன எதையும் நாம் படித்ததில்லை. (ஓட்டப்பந்தயத்தை உவமையாகக் கையாண்ட புனித பவுல், ஓட்டக்காரரின் ஓய்வு நாளைப்பற்றி ஏதும் சொல்லாமல் விட்டது நமக்கு ஒரு குறைதான்.)

சென்னை மாரத்தான் 2025 ஜனவரி 5-ஆம் நாள் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குச் சரியாக 20 வாரங்களுக்கு முன், ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமையன்று நம் கணக்குத் தொடங்கிற்று. ஞாயிறுதோறும் நெடிய ஓட்டம் என்று கடிகாரம் விதித்ததால், முப்பது ஆண்டுகளாகக் காலைத் திருப்பலிக்குச் சென்ற நாம் மாலைத் திருப்பலிக்கு மாறினோம். பாடற்குழுவில் அது சிறிது பேச்சாயிற்று.

வார நாட்களில் அது பெரும்பாலும் கேட்டது எளிய ஓட்டம். எளிய ஓட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவரின் உச்ச இதயத்துடிப்பு என்பது பழைய கணக்கு. அதன்படி நம் உச்சம் 164. அதில் 80 விழுக்காடு 131. அதைத் தாண்டினால் கடிகாரம் மணிக்கட்டில் அதிரும். ஆகஸ்டு மாதத்துச் சென்னையிலோ, காலை ஐந்து மணிக்கே காற்று ஈரத்துணிபோல முகத்தில் ஒட்டுகிறது. வியர்வை உலர வழியில்லை. உடலைக் குளிர்விக்கும் வேலையும் இதயத்தின் தலையில் விழுவதால், இரண்டாம் கிலோமீட்டரிலேயே எல்லை கடந்துவிடும். அதிர்வு. வேகத்தைக் குறைப்போம். மீண்டும் அதிர்வு. இப்படியே குறைந்து குறைந்து, ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்றாயிற்று நம் ஓட்டம். ஒருநாள் கலங்கரை விளக்கத்தருகே, நெடிய கால்களுடைய முதியவர் ஒருவர், நம்மோடு பேசிக்கொண்டே சிறிது தூரம் இணையாக வந்தார். நாம் ஓடினோம், அவர் நடந்தார். “நல்லா ஓடுறீங்க தம்பி” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் உறவினர் மகளின் திருமணத்திற்காகத் தூத்துக்குடி சென்று வந்தோம். போகும்போது ஓர் இரவு, வரும்போது ஓர் இரவு, இரண்டும் இரயிலில் கழிந்தன. வீடு சேர்ந்த காலையில் கடிகாரம் இன்று ஓய்வு என்றது. நமக்குச் சினம் வந்தது. மணிக்கட்டுக் கடிகாரங்கள் உறக்கத்தைத் துல்லியமாக அளப்பதில்லை என்று எழுதிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தோம். படித்து முடித்தபின் அதன் சொல்லை மீறிப் பெசன்ட் நகர்வரை ஓடிவிட்டு வந்தோம். இந்தக் கருவியின் கணக்கு ஐயத்திற்குரியது என்று அன்று மாலை மகனிடம் தொலைபேசியில் விளக்கமாகச் சொன்னோம். இதை இங்கே குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு.

செப்டம்பர் நடுவில் ஒருநாள், எளிய ஓட்டத்தின் இறுதியில் இருபது நொடி விரைவோட்டம் ஆறு முறை என்று கடிகாரம் விதித்தது. அடையாறு ஆற்றின்மேல் உள்ள திரு.வி.க. பாலத்தில் அதைச் செய்தோம். சென்னையில் ஓடுவோர்க்குப் பாலங்களே மலைகள். இறக்கத்தில் கால்கள் பறந்தன. வீட்டிற்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால், புதிய உச்ச இதயத்துடிப்பு கண்டறியப்பட்டது என்று ஒரு செய்தி, எண் 184. ஏற்றுக்கொள்ளலாமா என்று அது கேட்டது. ஏற்றுக்கொண்டோம். 56 வயதில் 184 என்பது எவ்வளவு அரியது என்று ஒருகணம்கூட நாம் தயங்கவில்லை. எந்தக் கட்டுரையையும் தேடவில்லை.

அடுத்த நாள்முதல் உலகம் மாறிற்று. உச்சம் 184 என்றால் அதில் 80 விழுக்காடு 147. எளிய ஓட்டத்தின் எல்லை ஒரே இரவில் 16 துடிப்பு உயர்ந்துவிட்டது. கடிகாரம் அதிர்வதை நிறுத்தியது. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்றிருந்தது ஏழரையாயிற்று. அந்த முதியவரை இரண்டு முறை கடந்து சென்றோம், கையசைத்தோம். உடல் எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துப் பயன்படுத்த வல்லது என்பதைக் குறிக்கும் வி.ஓ.டூ மாக்ஸ் என்னும் எண் 33-இலிருந்து 36-க்கு ஏறியது. மாரத்தானை 5 மணி 12 நிமிடத்தில் முடிப்போம் என்று முன்னர்க் கணித்திருந்த கடிகாரம், இப்போது 4 மணி 43 நிமிடம் என்றது.

இதில் மாயம் எதுவும் இல்லை என்பது இப்போது விளங்குகிறது. 164-இல் 131 என்பது 80 விழுக்காட்டு உழைப்பு. 184-இல் அதே 131 என்பது 71 விழுக்காடு. இதயம் அதே இதயம், வேகம் அதே வேகம். அளவுகோலின் மேல்முனையை உயர்த்தியதால் உழைப்பு குறைந்ததுபோலத் தோன்றியது. குறைந்த உழைப்பில் அதே வேகம் என்றால் ஓடுபவன் வலியவன் என்று கருவி முடிவுசெய்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடிய பின்னக் கணக்கு. அன்று நமக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்ற விருப்பமும் இருக்கவில்லை.

இல்லத்தரசியாரிடம் எண்களை நாள்தோறும் காட்டினோம். அவர் கடிகாரத்தை நம்பினார்; நம்மைக் காட்டிலும் அதிகமாகவே நம்பினார் என்று சொல்ல வேண்டும். இதயம் வலுப்பெறுகிறது என்று அது சொன்னபோது அவர் முகத்தில் படர்ந்த நிம்மதி நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. அண்ணன் இறந்ததிலிருந்து இரவில் நம் மூச்சைக் கவனித்துக்கொண்டே உறங்கும் வழக்கம் அவருக்கு ஏற்பட்டிருந்தது. அந்த வாரங்களில் அவர் நன்றாக உறங்கினார்.

மூன்றாம் வாரத்தில் வலதுகால் முன்னெலும்பின் உட்புறத்தில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, வலி தோன்றியது. முதலில் காலையில் படியிறங்கும்போது மட்டும். பிறகு ஓட்டத்தின் முதல் பத்து நிமிடம். பிறகு ஓட்டம் முழுவதும்.

ஒவ்வோர் ஓட்டமும் முடிந்ததும் கடிகாரம் ஒரு கேள்வி கேட்கும். ஐந்து முகங்களைக் காட்டும். வாடிய முகம் ஓர் ஓரத்தில், மலர்ந்த முகம் மறு ஓரத்தில். எப்படி உணர்ந்தீர்கள் என்பது கேள்வி. கணக்கெல்லாம் அதுவாகவே செய்துகொள்ளும் கருவி, நம் வாயிலிருந்து கேட்டறிய விரும்புவது இந்த ஒன்றைத்தான். வலி தொடங்கிய பின்னரும் நாள் தவறாமல் மலர்ந்த முகத்தையே தொட்டோம். கருவியிடம் பொய் சொல்வதில் என்ன பயன் என்று கேட்கலாம். இரவு உணவின்போது இல்லத்தரசியார் கடிகாரத்தின் செயலியைத் தம் கைப்பேசியில் திறந்து பார்ப்பார் என்பது நமக்குத் தெரியும். அதுவே பயன்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டோம். அவர் மேலே கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன?”

“ஒன்றுமில்லை.”

அவர் பேசவில்லை. நாம் ஏறி வந்து, காலணியைக் கழற்றி, முகம் கழுவி, காபி குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, “உங்கள் அண்ணனும் இதே சொல்லைத்தான் சொன்னார், இதே போலப் படியில் நின்றுகொண்டுதான் சொன்னார்” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. நம் தலை தானாகக் கவிழ்ந்தது. கால் வலியை, அது தொடங்கிய நாளிலிருந்து, ஐந்து முகங்கள் உட்பட, சொல்லி முடித்தோம். மறுநாள் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் அவரே அழைத்துச் சென்றார்.

மருத்துவர் இளம்பெண், தாமும் ஓடுபவர். கட்டைவிரலால் எலும்பின் ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தார். நாம் துள்ளிய இடத்தில் நின்றார். “எளிய ஓட்டத்தில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா?” என்று கேட்டார். சிந்தித்துப் பார்த்தோம். ஒரு மாதமாக அந்த முதியவரோடு பேசவில்லை. கை மட்டுமே அசைத்திருக்கிறோம். பிறகு 184 என்னும் எண்ணைப் பெருமை குறையாமல் சொன்னோம். அவர் நம் கைப்பேசியை வாங்கி, பாலத்தில் ஓடிய அந்த நாளின் வரைபடத்தைத் திறந்தார். இதயத்துடிப்பு ஒரு கோடு; நிமிடத்திற்கு எத்தனை காலடி என்பது மற்றொரு கோடு. விரைவோட்டம் தொடங்கும் இடத்தில் முதற்கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்து இரண்டாவதன்மேல் படுத்துக்கொண்டது. அதன்பின் இரண்டும் ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின.

“சார், இது உங்கள் இதயம் இல்லை. உங்கள் கால்” என்றார்.

அவர் விளக்கியது இது. கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்குகள் எரிகின்றன. இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு நாளங்களில் இரத்தம் பெருகிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதை எண்ணித் துடிப்பைக் கணக்கிடுகிறது கருவி. ஆனால் வார் தளர்ந்து, வியர்வையில் வழுக்கி, கடிகாரம் காலடிக்குக் காலடி குதிக்கத் தொடங்கினால், அந்தக் குதிப்பும் ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. இரண்டு தாளங்களும் அருகருகே இருக்கும்போது எது இதயம், எது கால் என்று கருவி மயங்கிவிடுகிறது. கைக்கடிகாரம் கட்டி ஓடுவோரிடையே இது அரிதன்று. நாம்தாம் அதை ஏற்றுக்கொண்டோம். கடிகாரம் கேட்டுத்தான் செய்தது.

அவர் சொற்படி மார்புப்பட்டை ஒன்று வாங்கினோம். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்னலைகளையே நேராக அறிவது. கால் குணமான பின்னர்ப் பலமுறை அளந்ததில் நம் உண்மையான உச்சம் 168 என்று தெரிந்தது. 2001-இல் வெளிவந்த ஒரு திருத்தக் கணக்கு உண்டு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது. அதன்படி நமக்கு 169 வருகிறது. மனிதருக்கு மனிதர் வேறுபடும் எண்ணைச் சூத்திரம் இவ்வளவு நெருங்குவது தற்செயலே. அது நிற்க. 147 என்பது 168-இல் ஏறத்தாழ 88 விழுக்காடு. எளிய ஓட்டம் என்று பெயர் சூட்டி, வாரத்தில் நான்கு நாள், ஒரு மாதம், நாம் செய்துகொண்டிருந்தது கடும் ஓட்டம். எலும்பு முறிவு இல்லை. எலும்பைப் போர்த்திய மெல்லுறையில் அழற்சி என்றார் மருத்துவர். நான்கு வாரம் ஓடக் கூடாது.

அந்த நான்கு வாரங்களில் கடிகாரத்தை நாம் புதிதாகப் பார்த்தோம். பயிற்சியை இடைநிறுத்த அதில் ஒரு வழி உண்டு. அதை அழுத்தினோம். காலையில் ஏதும் கேட்காமல், ஏதும் விதிக்காமல், நேரத்தை மட்டும் காட்டிக்கொண்டு இருந்தது. தூத்துக்குடியிலிருந்து திரும்பிய காலை அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஓய்வெடு என்று அது சரியாகச் சொன்னபோது அதன் துல்லியத்தை ஆராய்ந்த நாம், நீ வலியவன் என்று அது தவறாகச் சொன்னபோது ஆராயவில்லை. அண்ணனை மருத்துவரிடம் இழுத்துச் செல்லாதது ஏன் என்று இரண்டு ஆண்டுகளாக நம்மை நாமே கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் ‘ஒன்றுமில்லை’ என்றபோது நாமும் அதை நம்ப விரும்பினோம் என்பதை அந்த நாட்களில்தான் ஒத்துக்கொண்டோம். கேட்க இனிய சொல்லை அவர் சொன்னார், நாம் வாங்கிக்கொண்டோம்.

அக்டோபர் முடிவதற்குள் பந்தயத்திற்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. இழந்த வாரங்களை மருத்துவர் கணக்கிட்டுப் பார்த்து, இந்த ஆண்டு 42 வேண்டாம் என்றார். சென்னை மாரத்தானில் இருபது மைல் ஓட்டம் என்று ஒரு பிரிவு உண்டு. 32 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் பதிவு செய்தோம். விரல் சிறிது நேரம் தயங்கிற்று. பிறகு கடிகாரத்திலும் தூரத்தை மாற்றினோம். உச்சத்துடிப்பு இருந்த இடத்தில் 168 என்று நம் கையாலேயே எழுதினோம். 20 வாரத் திட்டத்தை ஒரு நொடியில் கலைத்துப் புதியதொன்றை அது கட்டி வைத்தது. நமக்குப் பல இரவுகள் பிடித்த காரியம். வி.ஓ.டூ மாக்ஸ் 33-க்கும் கீழே இறங்கி நின்றது.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கினோம். முதல் நாள் பத்து நிமிடம். எல்லை 134. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். முதியவர் இருந்தார். எங்கே காணோம் என்று கேட்டார். கால் வலி என்றோம். தம் முழங்கால் வலியின் முழு வரலாற்றையும் கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்கிச் சொல்லி வந்தார். முழு வாக்கியங்களில் பதில் சொல்ல முடிந்தது.

வடகிழக்குப் பருவமழை தன் பங்குக்கு விளையாடியது. நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெங்கல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். இரவில் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடிகாரம் அன்று காலை எதையும் பொருட்படுத்தாமல் இரண்டு மணி நேர ஓட்டத்தை எடுத்து வைத்திருந்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். சன்னலருகே அமர்ந்து, அந்த ஓட்டத்தை நீக்கிவிட்டு, இல்லத்தரசியார் சுட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றோம். மறுநாள் அது வாரத்தை வேறுவிதமாக அடுக்கிக் காட்டியது. குறை எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது என்பது வேறு.

ஜனவரி 5. இருள் பிரியுமுன் நேப்பியர் பாலத்தருகே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். அண்ணனின் பரிசோதனைச் சீட்டை நெகிழியுறை ஒன்றில் இட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டோம். ஏன் என்று கேட்டால் நமக்கே சரியான விடை தெரியாது. முதல் பத்து கிலோமீட்டரில் எத்தனையோ பேர் நம்மைக் கடந்து சென்றார்கள். அவர்களுள் நம் வயதினரும் இருந்தார்கள். 134 என்னும் எல்லையில் ஒட்டிக்கொண்டு ஓடினோம். 25-ஆம் கிலோமீட்டருக்குமேல் வெயில் ஏறியதும், அதே வேகத்திற்குத் துடிப்பு 140, 144 என்று உயர்ந்தது. நின்று தண்ணீர் குடித்தோம், நடந்தோம், மீண்டும் ஓடினோம். 4 மணி 19 நிமிடத்தில் முடிந்தது. நம்மைக் கடந்து சென்றவர்களுள் சிலரைக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் நாம் கடந்தோம் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முடிவுக் கோட்டிற்கு அப்பால் இல்லத்தரசியாரும் மகனும் நின்றிருந்தார்கள். மகன் பதக்கத்தை வாங்கிப் பார்த்தான். அவர் பதக்கத்தைப் பார்க்கவில்லை.

“வலிக்கிறதா?”

“வலது காலில் கொஞ்சம். இடது முழங்காலில் அதைவிட அதிகம்.”

“அது புதிதா?”

“28-ஆம் கிலோமீட்டரிலிருந்து.”

அவர் சிரித்துவிட்டார். நம்மைக் கைத்தாங்கலாக நடைபாதையின் ஓரத்தில் உட்காரவைத்து, குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. முழுதும் தேற 72 மணி நேரம் ஆகும் என்றது. பிறகு ஐந்து முகங்களைக் காட்டியது. நடுவில் இருந்த முகத்தைத் தொட்டோம்.